பதினாறாவது இலை

அன்றைக்கு மயிலம் மலைக்கோயிலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அப்பா. உன் அப்பாவைப் பெற்ற அம்மா. உன் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பெண்கள். என் அம்மா. என் பெரியப்பா மகன் ஏழுமலை, அவன் மனைவி. பக்கத்து வீட்டு டீச்சர். காது குத்த வந்த ஆசாரி. போட்டோ எடுக்க வந்தவர். வேன் டிரைவர். நான். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து, மூன்று வயசுப் பிள்ளையாக நீ. ஆக மொத்தம் பதினைந்து பேர்.

இதை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். கிளியனூர் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தம்பியின் பழைய பாடப் புத்தகங்களையும் முருகன் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி நானாகவே படித்தேன். அப்படிக் கற்றுக்கொண்டது கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான் வந்தவர் போனவர், வாங்கியது தீர்ந்தது எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். உன் காது குத்து நாளின் பக்கத்தில் கடைசி வரி இப்படி இருக்கிறது: வாழை இலை வாங்கியது 16, போட்டது 15, மீதி 1. இருபது வருஷமாக அந்த வரியை நான் யாருக்கும் காட்டவில்லை. அந்த ஒரு இலைக்கு உரியவரைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். இதை நீ உன் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் சரி. காட்டவேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். வருகிற ஞாயிறு சாயங்காலம் சென்னைக் கடற்கரையில் உங்கள் வானவில் ஊர்வலம், நீயும் நடக்கப்போகிறாய் என்றாய். நீயே சொன்னாய்: "பயப்படாதம்மா. நாங்கல்லாம் படிச்சவங்க. டீசன்ட்டா நடந்துட்டு டீசன்ட்டா வீட்டுக்குப் போயிடுவோம். ஒரே பேஜாரு இன்னான்னா, விழுப்புரம் திண்டிவனம் பக்கத்துலேர்ந்து திருநங்கைங்க இருபது பேரு வேன் வச்சிக்கினு வர்றாங்க. கடை கடையா காசு கேக்குறவங்க. கை தட்டுவாங்க, ஆடுவாங்க. டிவிக்காரன் அத்த மட்டும்தான் காட்டுவான். அதனால அவங்கள பின்னாடி நிக்க வச்சிடலாம்னு பேசிக்கினு இருக்கோம். அத்த அவங்களாண்ட சொல்ற வேலைய என் தலையில கட்டிட்டானுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லணும். அதுல சரசக்கான்னு ஒருத்தவங்க இருக்காங்க பாரு, மைக்கு கைக்குப் போச்சுன்னா திரும்பி வராது." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன். பிறகு, "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வெகு நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரசக்கா என்று நீ சொன்ன அந்த ஆள் என் கூடப்பிறந்தவள். எனக்கு ஒரே ஒரு தம்பி இருந்தான், சரவணன் என்று பெயர், பம்பாய்க்குப் போனவன் தகவல் இல்லாமல் போய்விட்டான் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேனே, அந்தச் சரவணன்தான் இந்தச் சரசு. உன்னுடைய சொந்தத் தாய்மாமன். தகவல் இல்லாமல் அவன் போகவில்லை. நான்தான் அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் அந்த இடத்தில் வேறு ஆள் உட்காரக் கூடாது. நானே தம்பிக்குக் கார்டு எழுதிப் போட்டேன். "உன் மருமகனுக்குக் காது குத்து, உன் மடி வேண்டும், வந்து சேர்" என்று எழுதினேன். அவன் பெயருக்கும் சேர்த்துத்தான் பதினாறு இலை வாங்கினேன். மலை மேல் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் பூ வாங்கப் படியிறங்கி வந்தேன். பூக்கடை ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். பேண்ட் சட்டைதான் போட்டிருந்தான். ஆனால் முடி தோள் வரைக்கும் வளர்ந்து பின்னால் கட்டியிருந்தது, புருவம் மெல்லிசாகத் திருத்தியிருந்தது, மூக்கில் ஒரு பொட்டுக் கல் மின்னியது. கையில் பித்தளைத் தட்டில் தாய்மாமன் சீர்: பழம், வெற்றிலை, உனக்கு ஒரு சின்னப் பட்டு வேட்டி.

"இன்னாடா இது கோலம்" என்றேன். அதுதான் மூன்று வருஷம் கழித்துப் பார்த்த தம்பியிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.

"முடிதான்கா. புள்ளைக்குப் போடுற மொட்டையில எனக்கும் ஒன்னு போட்டுட்டா சரியாப் போச்சு" என்று சிரித்தான்.

"மேல வராதடா. எல்லாரும் இருக்காங்க. அவங்கள்லாம் கெளம்பினப்புறம் நீ பின்னாடி வா."

"பின்னாடி வந்து இன்னாக்கா பண்றது? அதுக்குள்ள காத குத்தி முடிச்சுட மாட்டாங்களா?"

"சாமிக்கு ஆகாதுடா."

"சாமியாண்ட நான் பேசிக்கறேன். நீ வழிய வுடு."

"எங்கூட்டுக்காரரு மானம் போயிடும்."

"மாமன் மடிதானேக்கா வேணும்னு எழுதின? மடியில இன்னா மாறிப்போச்சு?" என்றான். அவன் தட்டை நீட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தான். அதில் உனக்கு ஒரு ஜோடிக் கடுக்கன் இருந்தது. ஆளைத் திருப்பி அனுப்பின கையாலேயே அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன். அந்தக் கை இதுதான், இப்போது எழுதுகிற கை. ஏழுமலை மடியில் உன்னை உட்கார வைத்து, சரவணன் கொண்டுவந்த கடுக்கனை உன் காதில் போட்டு, எல்லாம் ஏழுமலையின் சீர் என்று சபையில் சொன்னேன். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற போட்டோவில் நீ வாயைத் திறந்து அழுகிறாய் அல்லவா, அந்தக் காதில் இருப்பது அதுதான்.

மானம் போய்விடும் என்று நான் பெயர் சொன்ன உன் அப்பா அன்றைக்கு என்னிடம் இரண்டு முறை கேட்டார். "மச்சான் வரலியா? ஒரு மணி நேரம் பாத்துட்டுக் குத்தலாமே." நான்தான், லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவே இல்லை. என் பயத்தை அவர் பெயரில் போட்டேன். மிச்சத்தை முருகன் பெயரில் போட்டேன். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள், இத்தனை வருஷத்தில் அந்தச் சந்நிதியில் நின்று அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லி அழுததில்லை. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்யச் சொல்வாரோ என்ற பயம்.

நீ நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது அவள் நம் திண்டிவனத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். இனி அவள் என்றே எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து, சேலை கட்டி, சரசு என்று பெயர் மாறி வந்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தாள். வீடு கிடைக்காது, வேலை கிடைக்காது. செவ்வாயும் வெள்ளியும் மார்க்கெட்டில் கடை கடையாகப் போய்க் கை தட்டிக் காசு கேட்பாள். நான் காய் வாங்கப் போகிற நாளும் அதே செவ்வாய், வெள்ளி. முதல் தடவை அந்தக் கைத்தட்டல் பக்கத்துக் கடையில் கேட்டது. "அக்கா" என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று கத்தரிக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் நான் நின்ற கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. நான் எந்தக் கடையில் நின்றாலும் அந்தக் கடையை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போவாள். கடைக்காரர் ஒரு நாள், "இன்னா சரசு, எங்கடைய மட்டும் வுட்டுட்டுப் போற, எம்மேல எதுனா கோவமா?" என்று கிண்டலாகக் கூப்பிட்டார். "உங்கடையில ராசி இல்ல அண்ணே" என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்காகத்தான் விட்டுவிட்டுப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் போகிற நாளை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் உயிரோடு இருக்கிறாள் என்று வாரத்துக்கு இரண்டு தடவை காதால் கேட்டு வந்தேன். நீ ஒரு முறை என் கூடையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா அவங்க நம்ம நிக்கற கடைக்கு மட்டும் வரல?" என்று கேட்டாய். "வெண்டைக்காய் முத்தலா இருக்கு பாரு" என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நீ பத்தாவது முடித்த வருஷம், சித்திரை மாதம், கோலியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றோம். கூத்தாண்டவர் திருவிழா நெருங்கும் நாள். ஊர் முழுக்க வெளியூர்த் திருநங்கைகள், பட்டுச் சேலையும் பூவுமாக. பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் குடித்திருந்த நாலைந்து பேர் ஒருத்தியைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். முதலில் பூவைப் பிடுங்கினார்கள். அப்புறம் முந்தானையை. "ஒம்போது, ஆடு பாக்கலாம்" என்று ஒருவன் கன்னத்தில் அறைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சுற்றிலும் அவ்வளவு ஜனம் நின்றது. அவள் கூச்சல் போடவில்லை, சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். சரசு. அவள் என்னைப் பார்த்தாள். உன்னையும் பார்த்தாள். பார்த்த உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் அவமானப்படக் கூடாது என்று. நீ, "அம்மா, அடிக்கறாங்கம்மா" என்று முன்னால் போகப் பார்த்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏறினேன். என் நகம் பட்டு உன் கையில் ரத்தம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கலாம். "நமக்கு எதுக்கு" என்று அன்றைக்குச் சொன்னேன். பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடங்களிலேயே நன்றாகப் பதிந்துபோனது அதுவாகத்தான் இருக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியது.

உன் அப்பா போன போது பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டுக் கோடி எனக்கு வந்தது. தாலி இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் புதுச் சேலை போர்த்த வேண்டும். முன்வாசலில் சபை நடுவே ஏழுமலை போர்த்தினான். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல் பக்கத்தில் சரசு நின்றுகொண்டிருந்தாள், சேலைப் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. பாக்கு நிறத்தில் ஒரு சேலை. அதைப் பிரித்து என் தோளில் போர்த்தி, தலையில் கை வைத்தாள். "முன்னாடி ஏழுமல போட்டது ஊருக்கு. இது உனக்கு" என்றாள். பதினெட்டு வருஷம் கழித்து அவள் கை என் மேல் பட்டது. நான் கதறி அழுதேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் உன் அப்பாவுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷமாக அவள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நீ சென்னையில் இருப்பதால் உனக்குத் தெரியாது. கொல்லை வழியாக வருவாள், அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள், கொல்லை வழியாகப் போவாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொடுப்பாள். இப்போது திருநங்கைகளுக்கு அரசாங்கத்தில் அட்டை கொடுத்திருக்கிறார்கள் என்று கொண்டுவந்து காட்டினாள். விழுப்புரத்தில் கூட்டம் நடக்கிறது, சென்னைக்குப் போய்ப் பேசினேன் என்பாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்தவள் காப்பியைத் தொடாமல் என்னையே பார்த்துச் சிரித்தாள். "உம்புள்ளையப் பாத்தேன்கா. மெட்ராஸு கூட்டத்துல. நல்லா ஒசரமா வந்துட்டான். எனக்கு சேர் எடுத்துப் போட்டான், 'உக்காருங்கக்கா'ன்னு. காதுல ஓட்டதான் தூந்துபோச்சு" என்றாள். நீ யார் என்று அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். "நீ சொல்லாம நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ எனக்குச் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெண் பார்க்க வேண்டாம் என்றாய். பெண்கள் மேல் எனக்கு அப்படி மனசு போகாது, ஆண்கள் மேல்தான் என்றாய். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "சரி, சாப்பிடு, ஆறிப்போவுது" என்றேன். அம்மா ஏற்றுக்கொண்டாள் என்று நீ நினைத்தாய். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாய். நான் ஏற்றுக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை கண்ணு. பயந்துபோனேன். விழுப்புரத்தில் கேட்ட அந்த அறை உன் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பயம் விடவில்லை. பேப்பரில் உன் படம் வந்துவிடுமோ, அதைப் பார்த்து வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைப்பாரோ, ஆபீஸில் கூப்பிட்டு விசாரிப்பார்களோ, ஊர்வலம் முடிந்து தனியாகப் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து எவனாவது வருவானோ. சுவாமி விளக்குக்கு எண்ணெய் விடும்போதுகூட இதுதான் ஓடுகிறது. போகாதே என்று சொல்லத்தான் வாய் வருகிறது. சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பது ஒரு பக்கம். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். என் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் மலையடிவாரத்தோடு திரும்பிப் போய்விட்டதைப் பார்த்தவள் நான்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்தது வேறு பயம். "பின்னாடி நிக்க வச்சிடலாம்" என்று நீ சொன்னாயே, அது என் குரல். மயிலத்தில் பூக்கடை ஓரத்தில் நான் பேசிய அதே குரல். நீயும் நல்ல பிள்ளை, நானும் கெட்டவள் இல்லை. நானும் கெடுதல் நினைத்து அதைச் சொல்லவில்லை, காரியம் நல்லபடியாக முடியவேண்டும் என்றுதான் சொன்னேன். நீ சொல்கிற டீசன்ட் வேறு, நான் சொன்ன மானம் வேறு என்று நினைக்காதே. இரண்டுக்கும் பயந்துகொண்டுதான் ஒருவரை ஒதுக்குகிறோம், ஒதுக்குவதற்கு எப்போதும் அடி வாங்கின ஆளாகப் பார்த்துத்தான் எடுக்கிறோம். உனக்குச் சம்பளம் இருக்கிறது, சட்டை பேண்ட்டில் போனால் யாருக்கும் தெரியாது. நீ என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு வெளியே வரலாம், வேண்டாமென்றால் உள்ளேயே இருக்கலாம். சரசுவுக்கு உள்ளே என்று ஒன்று இல்லை. பதினெட்டு வயசிலிருந்து தெருவில்தான் நிற்கிறாள். உங்கள் ஊர்வலம் ஒரு சாயங்காலம். அவள் அதை வாரத்தில் எல்லா நாளும் நடந்துகொண்டிருக்கிறாள். கை தட்டுகிறாள் என்கிறாய். அந்தக் கைத்தட்டல் இல்லையென்றால் அவளுக்குச் சோறில்லை. ஆள் வம்புக்கு வந்தால், கூட இருப்பவர்களைக் கூப்பிட அது ஒன்றுதான் அவளுக்குச் சத்தம். அதை நிறுத்தச் சொல்ல உனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று யோசித்துப் பார்.

நேற்று செவ்வாய்க்கிழமை. மார்க்கெட் முடிந்து பதினோரு மணிக்கு அவள் வருகிற நேரம். நான் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். சந்து வழியாக அவள் கொல்லைப்பக்கம் திரும்பப் போனபோது கூப்பிட்டேன். "முன்னாடி வாடி." அவளை நேற்றுத்தான் முதல் முறையாக 'டி' போட்டுக் கூப்பிட்டேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, கொல்லையில பாம்பு கீம்பு பூந்துடுச்சா?" என்றாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. தெருவில் மூன்று வீட்டு வாசலில் ஆள் இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சர், உன் காது குத்துக்கு வந்த அதே டீச்சர், வயசாகிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யாரும்மா அது?" என்றார். "என் கூடப்பொறந்தது" என்றேன். அப்படிச் சொன்னால் அதில் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. அதிலும் ஒளிகிறேனே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. "என் தங்கச்சி டீச்சர்" என்று திருப்பிச் சொன்னேன். டீச்சர் எழுந்து உள்ளே போனார். தினம் காலையில் படித்துவிட்டுக் கொடுத்தனுப்புகிற பேப்பரை இன்றைக்கு அனுப்பவில்லை. "தெருவுல வயசுப் புள்ளைங்க இருக்குது" என்று பால்காரரிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் என்னென்ன வருமோ. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயம் போன பிறகு செய்யலாம் என்றுதான் இருபது வருஷம் காத்திருந்தேன், அது போகிற வழியாக இல்லை.

கூடத்தில் உட்கார வைத்து அவளுக்கு இலை போட்டேன். கை கழுவி வந்தவள் சுவரில் உன் காது குத்து போட்டோவைப் பார்த்தாள். அடுப்படியில் இருந்து கொல்லையோடு போய்விடுகிறவளுக்கு அதைப் பார்க்க வழியே இருந்ததில்லை. கிட்டப் போய் உன் காதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கடுக்கன போட்டுதான் இருக்க" என்றாள். நான் நோட்டை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, "மீந்த எலைய இன்னா பண்ணின?" என்றாள். மாட்டுக்குப் போட்டேன் என்றேன். "மாடாவது துன்னுச்சே" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு உன் ஊர்வலத்தில் இவர்களைப் பின்னால் நிற்க வைக்கப்போகிறார்களாம் என்று சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொன்னேன். மறைத்து மறைத்துப் பழகினவள், இந்தத் தடவை மறைக்கவில்லை. அவள் இலையை மடித்தாள். "அவன் வாயால சொல்லட்டும்கா. அவன் சொன்னா நிக்கறேன். எனக்கு பழக்கந்தானே" என்றாள். என்னைச் சுட்டது அந்தக் கடைசி வார்த்தைதான்.

அவளை இனி நீ என்னவென்று கூப்பிடுவது என்றும் நேற்றே பேசினோம். மாமாவா, சித்தியா என்று எனக்குத்தான் குழப்பம். "மாமன்னா சீரு செய்யணும். சித்தின்னா சோறு போட்டா போதும். செலவு கம்மி, சித்தியே இருக்கட்டும்" என்றாள். ஆனால் அவளுக்குச் சேரவேண்டிய மாமன் மடி அந்தப் பதினைந்து பேர் நடுவே ஒரு தரம் போய்விட்டது. அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? உனக்கு மறுபடி மூன்று வயசு ஆகுமா?

நான் படிக்காதவள். ஊர்வலம் எப்படி நடத்தவேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் வீட்டில் என்னைப் போல் ஒரு அம்மா இருப்பாள், அவர்களும் பயத்தில்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் சண்டை போடாதே, இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அப்புறமும் அவர்கள் பின்னால்தான் என்றால், நீயும் போய்ப் பின்னால் அவள் பக்கத்தில் நின்றுகொள். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. அன்றைக்கு மேலே காது குத்து நடக்கட்டும் என்று விட்டுவிட்டு நானும் அந்தப் பூக்கடை ஓரத்திலேயே அவளோடு உட்கார்ந்திருந்தால் உன் அப்பா இறங்கி வந்திருப்பார். நீயும் வந்திருப்பாய். ஆசாரியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அடிவாரமே சபையாகியிருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரல் கேட்டால் பாதியில் சாப்பிட்டியா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால்தான் புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் போடுகிறேன். நாளைக்குக் கிடைத்துவிடும் என்றார் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் ரயில்வே கேட்டிலிருந்து கிளம்புகிறது. இருபது பேர். நான் பெயர் கொடுத்திருக்கிறேன், என்னோடு இருபத்தொன்று. அந்தப் பாக்கு நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவேன். டிவிக்காரன் படம் எடுத்தால் முந்தானையால் முகத்தை மூடுவேனோ என்னவோ, இப்போதே சொல்லத் தெரியவில்லை. வழியில் நிறுத்திச் சாப்பிடக் கட்டுச்சோறு கட்டுகிறேன். கடற்கரைக்கு வந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சரசு சொல்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் இலை நறுக்க வேண்டும். இருபத்தொன்றா, உனக்கும் சேர்த்து இருபத்திரண்டா என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல்.

அம்மா